சும்மா இருந்த சங்கரன் அண்ணன்

இந்தச் செவ்வாய்க்கிழமை திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு கைப்பைக்கு சீட் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் சித்தி மகள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையில் ஏறும்போதே பஸ் நிறைந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு சீட் காலி... அதாவது, காலி மாதிரி. ஜன்னலோரம் ஒரு அம்மா. பக்கத்து சீட்டில் அவருடைய ஊதாநிறக் கைப்பை.

"ஆளு வருது" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

எங்கே வருகிறது? பாளை பஸ் ஸ்டாண்டில் ஏறுமாம். பாளையில் யாரும் ஏறவில்லை. "சமாதானபுரத்துல நிக்காளாம்" என்றார். அங்கேயும் யாரும் இல்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தோம். அதுவும் சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தது.

கண்டக்டர் வந்தார். "எக்கா, பேக்குக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

செய்துங்கநல்லூர் தாண்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போனில் பேசி முடித்த அந்த அம்மா, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ முந்தின பஸ்ஸுலயே போயிட்டாளாம். நீங்க உக்காருங்க" என்றார், என்னமோ எனக்கு தர்மம் பண்ணுகிற மாதிரி.

உட்கார்ந்தேன். முழங்காலுக்கு உயிர் வந்தது. உடனே எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? டேட்டாபேஸ்!

சிரிக்காதீர்கள். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள் நான் என்பது இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் இப்படித் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கு 'லாக்' என்று பெயர். பூட்டு. போட்ட ஆள் எடுக்கும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.

டேட்டாபேஸோடு சேர்ந்து ரஹீமாவும் ஞாபகத்துக்கு வந்தாள். வராமல் எப்படி இருப்பாள்? அவளுக்கு அனுப்ப வேண்டிய ஒரு பதில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போனில் பாதி டைப் செய்தபடி கிடக்கிறதே.

ரஹீமா என் சிநேகிதி. மேலப்பாளையம். கல்யாணமாகி மஸ்கட் போனவள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, இப்போது புருஷனோடு ஊருக்கே திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து ஒரு மெசேஜ்.

'ஏட்டி ஜெபா, மறுபடியும் ஒரு ரூம் பிடிச்சு கம்பெனி ஆரம்பிப்பமா? பழையபடி நம்ம ரெண்டு பேரும். இங்கன ஒரு காலேஜ்ல என்னைய வேலைக்குக் கூப்பிடுதாங்க. சனிக்கெழமக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். நீ சரின்னா அங்க வேண்டாம்னு சொல்லிருவேன். உனக்காகத்தான் பதில் சொல்லாம பிடிச்சு வெச்சிருக்கேன்.'

படித்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகு பயம் வந்தது. மாதாமாதம் சம்பளம் வருகிற வேலையை விட வேண்டும். இந்த வயதில் கஸ்டமர் தேடிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். 'சரி' என்று டைப் செய்தேன். அழித்தேன். 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்று டைப் செய்தேன். அதையும் அனுப்பவில்லை. நல்ல நேரம் வரட்டும், நிதானமாக அனுப்பலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

நல்ல நேரம்! நானும் ரஹீமாவும் ஆரம்பித்த முதல் கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்ததே ஒரு நல்ல நேரம்தான். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி ரூம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, கரண்ட் போனால் கீச்கீச்சென்று கத்தும் ஒரு யூபிஎஸ். கீழே விடிந்ததிலிருந்து பஸ் ஹாரன். நோன்பு மாதத்தில் ரஹீமா வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கு டின்னோடு போகும். விசிட்டிங் கார்டு அடித்துவிட்டோம். கஸ்டமர்தான் இல்லை.

அப்போது கிடைத்தவர்தான் மண்டபத்து அண்ணாச்சி. பெரிய மண்டபம் ஒன்று, சின்ன மண்டபம் ஒன்று, பின்னால் வாடகைப் பாத்திரங்களுக்கு ஒரு குடோன். அண்டா, குண்டான், கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் அங்கே.

"பிள்ளையளா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றார் அண்ணாச்சி. "ஒரு முகூர்த்தத்துக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்து வாசல்ல நிக்கப்பிடாது. அம்புட்டுதான்."

நியாயமான ஆசைதானே? முன் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு எம்பெடட் டேட்டாபேஸ். பெரிய டேட்டாபேஸ் என்றால் அதற்குத் தனி சர்வர், தனி ஏசி, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இதற்கு அந்த பந்தா எதுவும் கிடையாது. புரோகிராமுக்குள்ளேயே குடியிருக்கும். மொத்தத் தகவலும் ஒரே ஒரு ஃபைல். உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளும் இந்த ஜாதி டேட்டாபேஸ்கள் இந்நேரம் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரே ஒரு கண்டிஷன். எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம். எழுதுவது மட்டும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் எழுதி முடிக்கும்வரை ஃபைல் முழுவதும் பூட்டு. எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணிமைக்கிற நேரம். அதனால் யாருக்கும் தெரியாது.

நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்தோம். முன் ஆபீசில் 'புதிய புக்கிங்' பட்டனை அமுக்கியதுமே பூட்டைப் போட்டுவிடுவோம். 'சேவ்' அமுக்கியதும் திறந்துவிடுவோம். நடுவில் வேறு யாரும் அந்தத் தேதியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மிஞ்சிப்போனால் ஐந்து நிமிஷ வேலை. இரண்டு மாப்பிள்ளை பிரச்சினை தீர்ந்தது என்று கையைக் கொடுத்துக்கொண்டோம்.

வேகத்துக்கு ரஹீமா பொறுப்பு. குடோனில் பாத்திரங்களை ஏற்றும்போது ஒவ்வொரு கரண்டியையும் தனித்தனியாக சேவ் செய்ததால் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. "ஒவ்வொரு கரண்டிக்கும் குடோன் கதவப் பூட்டிப் பூட்டித் தெறப்பியாட்டி? மொத்தமா எடுத்து வெச்சிட்டு ஒருக்காப் பூட்டு" என்றாள். எல்லாவற்றையும் ஒரே கட்டாக சேவ் செய்ய வைத்தாள். பறந்தது!

அதோடு விடவில்லை. ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு வேலை நடக்க 'த்ரெட்', அதாவது நூல், என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பக்கம் ஆள் டைப் செய்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் மறுநாள் பாத்திரப் பட்டியல் தன்பாட்டுக்குப் பிரின்ட் ஆகும்படி அப்படி ஒரு த்ரெட் எழுதினாள். சிக்கல் வராதா என்றேன். "தறிக்காரங்க வீட்டுப் பொண்ணு நான். சிக்கெடுக்க எனக்கா சொல்லித் தார?" என்றாள்.

முதல் வாரம் அண்ணாச்சி பார்க்கிறவர்களிடம் எல்லாம் எங்களைப் புகழ்ந்தார். இரண்டாவது வாரம் போன் வந்தது.

"ஏம்மா, குடோன்ல கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. ஒரு கரண்டி வெளிய அனுப்ப முடியல. சமையல்காரன் வாசல்ல நின்னு வையுதான்."

ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது பிழைத்துக்கொண்டது. மறுநாளும் அதே கதை. ஆனால் வேறு நேரத்தில்! திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் உறைந்துபோகும். செவ்வாய்க்கிழமை பிற்பகலில். புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் எழுத முடியாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ அப்படியே கிடக்கும். பிறகு யாரும் தொடாமலே சரியாகிவிடும்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எங்களுக்குப் பிடிபடவில்லை.

வோல்டேஜ் என்றோம். ஸ்டெபிலைசர் வாங்க வைத்தோம். எலி கடித்திருக்கும் என்று கேபிளை மாற்றினோம். கடைசியில், மனிதர்கள் எப்போதும் செய்வதைச் செய்தோம் — ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம்.

"உன் த்ரெட்டுதான் பிரின்ட் பண்ணுதேன்னு பூட்டப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கு" என்றேன் நான்.

"நீ எழுதுன குவெரிதான் ஒரு தகவலத் தேட ஊரெல்லாம் சுத்திட்டு வருது. என் த்ரெட்டக் குத்தம் சொல்லாத" என்றாள் அவள்.

ஒரு சாயங்காலம் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்தில் நடந்து வரும்போது சண்டை முற்றிவிட்டது. ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். அவள் அந்தக் கைப்பிடிச் சுவரோரம், நான் இந்தக் கைப்பிடிச் சுவரோரம். நடுவில் பஸ்ஸும் லாரியும் போகின்றன. கீழே ஆறு தன்பாட்டுக்குப் போகிறது. 'நாளையிலிருந்து தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்துவிட்டது. அவளுக்கும் வந்ததாம். பிற்பாடு சொன்னாள்.

அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். "தை பொறந்தா எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா எடுத்துட்டுப் போயிருங்கம்மா, வருத்தப்படாதீய." முதல் கஸ்டமர் போனால் ரூம் போகும். ரூம் போனால்? எங்கள் சிநேகிதம் மிஞ்சுமா என்றே எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு புதன்கிழமை அங்கேயே போய் உட்கார்ந்தோம். குடோனில் நான். முன் ஆபீசில் ரஹீமா. அங்கே புக்கிங் எழுதுகிறவர் சங்கரன் அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, அதிர்ந்து பேசாத மனிதர். அன்று ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து மண்டபம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் ஆனது. குடோனில் என் ஸ்க்ரீன் உறைந்தது.

"நின்னுட்டு!" என்று கத்தினேன். கல்யாணமில்லாத நாள். காலி மண்டபத்தில் என் சத்தம் எதிரொலித்தது.

"பிரின்ட் எதுவும் ஓடல. என் த்ரெட் இல்ல!" என்று பதிலுக்குக் கத்தினாள் ரஹீமா. அந்தச் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமே!

"அப்பம் யாரு என்ன பண்ணுதா?"

"யாரும் ஒண்ணும் பண்ணல. அண்ணன் சும்மாதான் இருக்காரு!"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். சங்கரன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எதிரே 'கலர்' சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரீனில் புக்கிங் ஃபாரம் முழுக்க நிரப்பியிருந்தது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி, எல்லாம். சேவ் மட்டும் அமுக்கவில்லை.

"அண்ணே, சேவ் பண்ணலியா?" என்றாள் ரஹீமா.

"இன்னும் நேரம் இருக்கும்மா."

"என்ன நேரம்?"

அவர் சுவரைக் காட்டினார். தினசரிக் காலண்டர். "ராகு காலம்லா? நல்ல காரியத்த இப்பம் எப்படி எழுத? பூராவும் அடிச்சு வெச்சுட்டேன். ஒண்ணரைக்கு மேல ஒரு அமுக்கு. முடிஞ்சுது."

நானும் ரஹீமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டுக் காலண்டரில் தினம் ஒரு வேத வசனம் இருக்கும். அவள் வீட்டுக் காலண்டரில் தொழுகை நேரம் இருக்கும். ராகு காலம் எங்கள் இருவர் வீட்டுச் சுவரிலும் தொங்கவில்லை! நாளுக்கு ஒரு நேரமாக அது நகரும் என்பதை ஊரே அறியும். எங்கள் இரண்டு பேர் மண்டையில் மட்டும் உறைக்கவில்லை.

"அண்ணே, தெனமும் இப்படியா செய்யுதீய?"

"அந்த நேரத்துல ஆளு வந்தா அப்படித்தான். ஏம்மா, தப்பா? நான் ஒண்ணும் பண்ணலியே, சும்மாதான இருந்தேன்!"

அதுதானே கோளாறு! பெரிய மண்டபத்தில் யாரோ ஒரு ஜோடியின் நல்ல நேரத்துக்காக, குடோனில் இருந்த அத்தனை கரண்டியும் சிறையில் கிடந்திருக்கிறது. ரஹீமா சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து, இரண்டு பேரும் வாசலில் கிடந்த ஒரு அண்டாமேல் சாய்ந்து அழுதேவிட்டோம். சங்கரன் அண்ணன் பதறிப்போய் எங்களுக்கும் இரண்டு கலர் வாங்கிவரச் சொன்னார்.

நல்லவேளை, பாலத்தில் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போதும் மனசு இளகுகிறது.

சரிசெய்வது சுலபம் என்று நினைத்தோம். ஃபாரத்தை நிரப்பும்போது பூட்டே வேண்டாம். சேவ் அமுக்கும் அந்த நொடியில் மட்டும் பூட்டு, எழுது, திற. அண்ணாச்சியிடம் போய்ப் பெருமையாக விளக்கினோம்.

அவர் தலையை ஆட்டவில்லை. "அப்பம், சங்கரன் இங்கன நேரம் பாத்துட்டு உக்காந்திருக்கையில, குடோன்காரன் தனக்குத் தெரிஞ்சவனுக்கு அதே தேதிய எழுதிட்டாம்னா? பேசி முடிச்சு கலர் குடிச்ச மனுசன்கிட்ட இல்லேன்னு எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்ல?"

கேள்வி சரிதான். ரஹீமாதான் கேட்டாள். "அண்ணாச்சி, புக்கிங்க இப்பமே எழுத வேண்டாம். பஸ்ல துண்டு போடுத மாதிரி, அந்தத் தேதி மேல ஒரு துண்டு போட்டு வெச்சுக்கலாமா? சின்னதா ஒரு குறி. அதுக்குப் பெறகு ராகு காலம் முடிஞ்சு பைய எழுதலாம். எழுதலேன்னா ரெண்டு மணி நேரத்துல துண்டு தானா எடுபட்டுரும்."

அண்ணாச்சி யோசித்தார். "அத ராகு காலத்துல போடலாமா?" என்று சங்கரன் அண்ணனே கேட்டுவிட்டார்.

"என்னவே கேக்கீரு? துண்டு போட ஏதுவே ராகு காலம்?" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவுதான். ஸ்க்ரீனில் 'துண்டு' என்றே ஒரு பட்டன் வைத்தோம். கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஃபைலைப் பூட்டும், ஒரு குறியை எழுதும், திறந்துவிடும். தை மாதம் மண்டபம் அல்லோலகல்லோலப்பட்டது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட மூச்சு முட்டவில்லை. அண்ணாச்சி சொல்லி வள்ளியூரிலிருந்துகூட ஒரு மண்டபக்காரர் எங்களைத் தேடி மாடியேறி வந்தார். 'அந்தத் துண்டு வெச்ச புரோகிராம் குடுங்க' என்றுதான் கேட்டார்.

பிறகு ரஹீமாவுக்குக் கல்யாணம் கூடியது. அவள் விமானம் ஏறினாள். ஒரு வருஷம் தனியாக அந்த மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் துணை. சாவியை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

இப்போது எம்பெடட் டேட்டாபேஸ்கள் எவ்வளவோ கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொண்டுவிட்டன. எழுதுகிறவர் தனித் தாளில் எழுதிக்கொள்ள, படிக்கிறவர்கள் பாட்டுக்குப் படிக்கலாம். பூட்டு கிடைக்காவிட்டால் உடனே கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் எழுதும் பூட்டு பெரும்பாலும் இன்னும் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறவரை என்ன செய்வது என்பதற்கு எந்த டேட்டாபேஸும் வழி சொல்லவில்லை.

வேலை பார்க்கிறவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். சேவ் அமுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே... அவரால்தான் பின்னால் நிற்பவர்களுக்குக் கால் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் இந்தப் பத்தியை இதுவரை எழுதினேன். எழுதிவிட்டு அந்தக் கடைசி வரிகளை மறுபடி படித்துப் பார்த்தேன். யாரைச் சொல்கிறேன் நான்? சங்கரன் அண்ணனையா? பஸ்ஸில் வந்த அந்த ஊதாப் பைக்கார அம்மாவையா?

அங்கே ஒருத்தி, காலேஜ்காரர்களுக்குப் பதில் சொல்லாமல் எனக்காக நின்றுகொண்டிருக்கிறாள். இங்கே நான் ஃபாரத்தை நிரப்பி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்!

போனை எடுத்தேன். 'சரிட்டி. ரூம் பார்ப்போம்' என்று அடித்தேன். அமுக்கிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. 'ஏட்டி, மணியப் பாத்தியா? வெள்ளிக்கெழம, பதினொண்ணு. ராகு காலம்லா! நல்லாப் பாத்து அனுப்புன போ!' கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள், வரிசையாக. நான் இந்தப் பக்கம் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

மீதியைச் சனிக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். காலையில் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி ரூம் பார்த்தோம். பழைய ரூம் இல்லை, அது எப்போதோ இடிபட்டுவிட்டது. இது இரண்டு தெரு தள்ளி. ஜன்னலைத் திறந்தால் அதே பஸ் ஹாரன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. வீட்டுக்கார அண்ணாச்சியிடம் ரஹீமா அட்வான்ஸை நீட்டினாள்.

அவர் கையை நீட்டவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "பத்தரை வரைக்கும் நேரம் சரியில்லம்மா. செத்த உக்காருங்க. காப்பி சொல்லுதேன்."

படியில் வேறு யாரோ ரூம் கேட்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. ரஹீமா என்னைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்தாள். உள்ளே போய் அந்த ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

துண்டு போட ஏதுவே ராகு காலம்?